ஸ்டோயிக் தத்துவத்தை அன்றாட வாழ்க்கையில் கடைப்பிடிப்பது எப்படி?

பண்டைய கிரேக்கத்தில் தோன்றி ரோமிலும் பரவிய ஸ்டோயிக் தத்துவத்தைப் படிக்கத் தொடங்கும் பலர் சில மாதங்களில் ஒரே கேள்வியோடு வந்து நிற்கிறார்கள். "கையில் இருப்பதைப் பார், கையில் இல்லாததை விட்டுவிடு" என்ற வரி மனப்பாடம் ஆகிவிட்டது. ஆனாலும் மேலதிகாரி நான்கு பேர் முன்னிலையில் கடிந்து பேசினால் கோபம் வரத்தான் செய்கிறது. வீட்டில் ஒருவருக்கு உடம்பு முடியாமல் போனால் மனம் பதறத்தான் செய்கிறது. பிழை நம் பயிற்சியிலா, தத்துவத்திலா? இதை முழுமையாகக் கடைப்பிடித்தால் நெஞ்சில் ஈரமற்றவர்களாகிவிட மாட்டோமா? கேள்வி நியாயமானது. என் பார்வையில், அந்த வரி சுருக்கப்பட்ட விதத்தில்தான் சிக்கல் தொடங்குகிறது.

அந்த வரி எபிக்டெட்டஸ் என்ற ஸ்டோயிக் ஆசிரியரிடமிருந்து வந்தது. இன்று துருக்கியில் பாமுக்கலே என்று அழைக்கப்படும் இடத்தில் அன்றிருந்த ஹியராபொலிஸ் நகரில் கி.பி. 50ஐ ஒட்டிப் பிறந்தவர்; ரோமில் நீரோவின் செயலாளரிடம் அடிமையாக இருந்து பின்னர் விடுதலை பெற்றவர்; பேரரசன் டொமிஷியன் தத்துவவாதிகளை ரோமிலிருந்து துரத்தியபோது கிரேக்கத்தின் மேற்குப் பகுதியில் நிக்கோபொலிஸ் நகருக்குச் சென்று பள்ளி நடத்தியவர். தம் கைப்பட எதையும் அவர் விட்டுச்செல்லவில்லை. மாணவர் அரியன் எழுதிவைத்த 'உரைகள்' நூலின் நான்கு பகுதிகளும், அவற்றின் சாரமான 'கையேடு' என்ற சிறு நூலுமே நமக்குக் கிடைத்திருக்கின்றன. கையேட்டின் முதல் பத்தி இரண்டு பட்டியல்களைத் தருகிறது. ஒன்றைப் பற்றி நாம் கொள்ளும் கருத்து, செயலில் இறங்கும் முனைப்பு, விருப்பு, வெறுப்பு ஆகியவை நம் கையில் இருப்பவை. உடல், உடைமை, நற்பெயர், பதவி ஆகியவை நம் கையில் இல்லாதவை.

உடல் இரண்டாம் பட்டியலில் இருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. "உடற்பயிற்சி என் கையில், ஆகவே ஆரோக்கியமும் என் கையில்" என்று எபிக்டெட்டஸ் ஒருபோதும் சொல்லமாட்டார். நாம் நினைப்பதைவிட மிகக் குறுகிய ஓர் இடத்தையே அவர் நமக்கு ஒதுக்குகிறார். அந்தக் குறுகிய இடம் எல்லா விஷயங்களிலும் இருக்கிறது என்பதுதான் முக்கியம். "வேலை என் பொறுப்பு, மழை என் பொறுப்பல்ல" என்று விஷயங்களை இரண்டு குவியலாகப் பிரித்துவைப்பவர்கள் அவரைத் தவறாகப் படிக்கிறார்கள். அவர் போட்ட கோடு ஒவ்வொரு விஷயத்தின் உள்ளேயும் ஓடுகிறது. வேலைக்கான நேர்முகத் தேர்வில் தயாரித்துக்கொண்டு போவதும் தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொள்வதும் நம்முடையவை. எதிரில் இருப்பவரின் மனநிலையோ, அந்த இடத்துக்கு ஏற்கெனவே ஒருவரை முடிவு செய்துவிட்டார்களா என்பதோ நம்முடையவை அல்ல. தந்தை நோயுற்றிருந்தால் மருத்துவரிடம் அழைத்துச் செல்வதும், வேளை தவறாமல் மாத்திரை கொடுப்பதும், பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதும் நம்முடையவை. அவர் குணமாவது நம்முடையது அல்ல. இப்படிப் பார்த்தால் "இதில் எனக்கு ஒன்றும் இல்லை" என்று கைகழுவக்கூடிய விஷயமும் கிடையாது, "இது முழுக்க என்னால் ஆனது" என்று மார்தட்டிக்கொள்ளக்கூடிய விஷயமும் கிடையாது.

ரோமப் பேச்சாளர் சிசரோ தம் நூலொன்றில் ஸ்டோயிக்கரான கேட்டோவின் வாயிலாக ஸ்டோயிக்கர் தரப்பை எடுத்துரைக்கும்போது வில்லாளி ஒருவரைக் காட்டுகிறார். நேராகக் குறிவைப்பதற்காகத் தம்மால் இயன்ற அனைத்தையும் வில்லாளி செய்கிறார். அதுவே அவருடைய இறுதி நோக்கம். அம்பு இலக்கில் தைப்பது அவர் தேர்ந்துகொள்ளும் ஒன்றுதான் என்றாலும் அதைச் சார்ந்து அவருடைய நன்மை இல்லை. பிள்ளைகளின் தேர்வு முடிவு வரும் நாளில் நம் வீடுகளில் நடப்பதை நினைத்தால் இந்த வேறுபாடு எவ்வளவு நடைமுறையானது என்பது விளங்கும். மதிப்பெண் வேண்டாம் என்று ஸ்டோயிக்கர்கள் சொல்லமாட்டார்கள். ஆரோக்கியம், பணம், நற்பெயர் எல்லாமே கிடைத்தால் ஏற்கத் தக்கவை என்பதே அவர்கள் நிலை. ஆனால் அவை ஒருவர் நல்லவராக வாழ்ந்தாரா என்பதை அளக்கும் கோல் ஆகா. ஆகவே முடிவு வந்ததும் பெற்றோர் முதலில் கேட்கவேண்டியது, பிள்ளை ஆண்டு முழுவதும் ஒழுங்காகப் படித்தாளா, படிக்க நாம் இடம் கொடுத்தோமா என்பதுதான். எண்ணைப் பற்றிய பேச்சு அதன் பிறகு வரலாம்.

இனி கோபத்துக்கும் பதற்றத்துக்கும் வருவோம். விருப்பும் வெறுப்பும் நம் கையில் என்று சொல்லிவிட்டதால், கோபம் எழுவதே தோல்வி என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள். ஸ்டோயிக்கர்கள் அப்படிச் சொல்லவில்லை. ரோம ஸ்டோயிக் எழுத்தாளர் செனெக்கா கோபத்தைப் பற்றி எழுதிய நூலில் அது வளரும் விதத்தை மூன்று அசைவுகளாகப் பிரிக்கிறார். முதல் அசைவு நம்மைக் கேட்காமலே நிகழ்வது. குளிர்ந்த நீர் பட்டால் உடல் சிலிர்ப்பதுபோல, இழிசொல் காதில் விழுந்ததும் உள்ளே ஏதோ சுருக்கென்கிறது. இரண்டாவதில் மனம் ஒரு முடிவுக்கு வருகிறது: "எனக்குத் தீங்கு இழைக்கப்பட்டது, இதற்குப் பதிலடி கொடுப்பது முறை" என்கிறது. மூன்றாவதில் அறிவு இடம்விட்டு ஒதுங்க, முறையோ முறையில்லையோ பழிவாங்கியே தீரவேண்டும் என்ற நிலை வருகிறது. முதல் அசைவை எந்தப் பயிற்சியாலும் முற்றாக நீக்க முடியாது என்று செனெக்கா வெளிப்படையாகவே சொல்கிறார். நம் வேலை தொடங்குவது முதலுக்கும் இரண்டுக்கும் நடுவில்.

இரண்டாம் நூற்றாண்டு ரோம எழுத்தாளர் ஔலஸ் கெல்லியஸ் பதிவு செய்திருக்கும் கப்பல் பயணம் ஒன்று இதை நன்றாக விளக்குகிறது. கிரேக்கத்தின் கசியோப்பாவிலிருந்து இத்தாலியின் புருண்டிசியத்துக்கு அயோனியன் கடலைக் கடக்கும்போது புயல் பிடித்துக்கொள்கிறது. கப்பலில் பெயர்பெற்ற ஸ்டோயிக் ஆசிரியர் ஒருவரும் இருக்கிறார். அவர் முகம் எப்படி இருக்கிறது என்று கெல்லியஸ் உற்றுப் பார்க்கிறார். மற்றவர்களைப் போல அவர் அழுது புலம்பவில்லையே தவிர, முகம் வெளுத்துத்தான் போயிருந்தது. புயல் அடங்கியதும் ஆசியாவைச் சேர்ந்த பணக்காரர் ஒருவர் நெருங்கி வந்து, "தத்துவவாதியான நீங்கள் வெளிறிப்போனீர்கள், நானோ அஞ்சவில்லையே" என்று கேலி செய்கிறார். ஆசிரியர் அவரைச் சுடச்சுட ஒரு பழைய பதிலால் அனுப்பிவைத்துவிட்டு, பிறகு கெல்லியஸ் பணிவோடு கேட்டபோது பையிலிருந்து எபிக்டெட்டஸின் உரைகளில் ஐந்தாம் பகுதியை எடுத்துக் காட்டுகிறார். பேரிடி கேட்டால் ஞானியின் முகமும் வெளிறும், மனமும் ஒரு கணம் சுருங்கும். ஆனால் "இது பயங்கரம்தான், தீமைதான்" என்று அந்தத் தோற்றத்துக்கு அவர் ஒப்புதல் தருவதில்லை என்பது அதன் சாரம். அந்த ஐந்தாம் பகுதி இன்று நம்மிடம் இல்லை. கெல்லியஸ் எழுதிவைத்ததால் இந்தக் கருத்தாவது தப்பியது.

ஆகவே கடிந்து பேசிய மேலதிகாரியின் முன் முகம் சிவந்தது உங்கள் தோல்வி அன்று. அதற்கு அடுத்த நொடியில் மனம் எழுதும் வாக்கியத்தைத்தான் பிடிக்கவேண்டும். நண்பருக்கு வாட்ஸாப்பில் ஒரு செய்தி அனுப்புகிறீர்கள். நீலக் குறி விழுகிறது. மாலைவரை பதில் இல்லை. நடந்தது அவ்வளவுதான். "என்னை அலட்சியப்படுத்துகிறான்" என்பது நாம் சேர்த்துக்கொண்டது. எபிக்டெட்டஸ் கையேட்டில் இதற்கென்றே ஒரு பயிற்சி தருகிறார்: ஒருவர் விரைவாகக் குளித்தால் விரைவாகக் குளித்தார் என்று மட்டும் சொல், மோசமாகக் குளித்தார் என்று சொல்லாதே, நிறைய மது அருந்தினால் நிறைய அருந்தினார் என்று சொல், தவறாக அருந்தினார் என்று சொல்லாதே, அவருடைய காரணத்தை அறியாமல் அது தவறு என்று உனக்கு எப்படித் தெரியும்? ஒருநாள் முழுவதும் இப்படிப் பேசிப் பாருங்கள். மிகவும் கடினம், ஆனால் இதைவிடப் பயனுள்ள ஸ்டோயிக் பயிற்சியை நான் அறியேன். கோபத்தோடு எழுதிய மின்னஞ்சலை அனுப்பாமல் மறுநாள் காலைவரை வைத்திருப்பதும் இதே வழியில் வருவதுதான். கோபத்துக்குத் தலைசிறந்த மருந்து தாமதம் என்பது செனெக்காவின் கருத்து.

பழைய ஸ்டோயிக்கர்கள் பயிற்சிக்கு நாளின் சில வேளைகளைத் தேர்ந்துகொண்டார்கள். காலைப் பயிற்சியில் மிகவும் பரவியது, 161 முதல் 180 வரை ஆண்ட பேரரசர் மார்க்கஸ் ஆரேலியஸ் தமக்காகக் கிரேக்கத்தில் எழுதிக்கொண்ட குறிப்புகளின் இரண்டாம் பகுதியில் வருவது. இன்று தேவையில்லாமல் தலையிடுபவரையும், நன்றி கெட்டவரையும், ஆணவக்காரரையும், வஞ்சகரையும், பொறாமைக்காரரையும் சந்திக்கப் போகிறேன் என்று தமக்குத் தாமே அவர் சொல்லிக்கொள்கிறார். இணையத்தில் பெரும்பாலும் இந்த முதல் பாதி மட்டும் சுற்றிவருகிறது. அதை மட்டும் படித்தால் உலகத்தில் தன்னைத் தவிர எல்லோரும் மட்டமானவர்கள் என்ற இறுமாப்புதான் மிஞ்சும். அவர் தொடர்ந்து எழுதியது வேறு. நன்மை எது தீமை எது என்று அறியாததால் அவர்கள் அப்படி நடக்கிறார்கள். அவர்கள் எனக்கு உறவினர்கள். கால்களும் கைகளும் இமைகளும் மேல்வரிசை கீழ்வரிசைப் பற்களும் போல நாம் சேர்ந்து இயங்கப் பிறந்தவர்கள். ஆகவே அவர்கள்மீது சினம் கொள்ள என்னால் இயலாது. இரண்டாம் பாதியைச் சொல்லாதவர்கள் முதல் பாதியையும் சொல்லாமல் இருப்பது நல்லது.

ஒரு வேலைக்குக் கிளம்பும் முன் செய்யவேண்டியதை எபிக்டெட்டஸ் சொல்கிறார். பொதுக் குளியலிடத்துக்குப் போகிறாய் என்றால் அங்கே என்னவெல்லாம் நடக்கும் என்று முன்கூட்டியே மனத்தில் கொண்டுவா: தண்ணீரை இறைப்பார்கள், இடிப்பார்கள், திட்டுவார்கள், திருடுவார்கள். "குளிக்கவும் வேண்டும், என் மனம் முறை தவறாமல் இருக்கவும் வேண்டும்" என்று இரண்டையும் சேர்த்து விரும்பிக்கொண்டு போ என்கிறார். பத்திரப்பதிவு அலுவலகத்துக்குப் போகும் நாளில் இது கைகொடுக்கும். சர்வர் வேலை செய்யாமல் போகலாம், டோக்கன் வரிசை குழம்பலாம், நடுவில் ஒருவர் புகலாம், ஒரு நகல் குறைகிறது என்று திருப்பி அனுப்பலாம். இவற்றை எதிர்பார்த்துப் போனாலும் புகுந்தவரைத் தட்டிக்கேட்கலாம், கேட்கவும் வேண்டும். கேட்கும் குரல் மட்டும் மாறியிருக்கும்.

இரவுப் பயிற்சியைச் செனெக்கா தம் வாழ்க்கையிலிருந்தே எடுத்துச் சொல்கிறார். விளக்கை எடுத்துச் சென்றபின், தம் வழக்கத்தை அறிந்த மனைவி பேச்சை நிறுத்திக்கொள்ள, அன்று சொன்னதையும் செய்ததையும் ஒன்றுவிடாமல் திரும்பிப் பார்ப்பாராம். எதையும் தம்மிடமிருந்தே மறைப்பதில்லை. "இனி இப்படிச் செய்யாதே, இம்முறை மன்னித்தேன்" என்று தமக்கே சொல்லிக்கொள்வார். அவர் தரும் மாதிரி மிக நுட்பமானது. ஒருவரைத் தேவைக்கு மேல் கண்டித்துவிட்டாய்; அதனால் அவர் திருந்தவில்லை, புண்பட்டார்; இனிமேல் நீ சொல்வது உண்மையா என்பதோடு, கேட்பவர் அந்த உண்மையைத் தாங்கக்கூடியவரா என்பதையும் பார் என்கிறார். இதில் குற்ற உணர்ச்சியைக் கிளறும் தொனி எங்கும் இல்லை. ஒரு கணக்கர் வரவு செலவு பார்க்கும் நிதானம் இருக்கிறது. தினமும் நாட்குறிப்பு எழுதவேண்டும் என்பதுகூட இல்லை, படுத்தபடியே செய்யலாம்.

வரக்கூடிய துன்பங்களை முன்கூட்டியே எண்ணிப் பார்க்கும் பயிற்சியும் உண்டு. டிசம்பர் மாதத் திருவிழாக் களியாட்டங்களின் நடுவே நண்பர் லூசிலியஸுக்கு எழுதிய 18ஆம் கடிதத்தில், சில நாட்கள் மிக எளிய உணவும் முரட்டு உடையும் கொண்டு வாழ்ந்துபார்த்துவிட்டு, "இதற்காகவா அஞ்சினேன்?" என்று கேட்டுக்கொள்ளச் சொல்கிறார் செனெக்கா. ஆனால் 13ஆம் கடிதத்தில், நாம் உண்மையில் படுவதைவிடக் கற்பனையில் படும் துன்பமே அதிகம், வராத துன்பத்துக்கு முன்கூட்டியே வருந்தாதே என்று எச்சரிக்கவும் செய்கிறார். இயல்பிலேயே எதற்கும் கலங்குபவர்கள் 18ஆம் கடிதத்தைத் தள்ளிவைத்துவிட்டு 13ஆம் கடிதத்தோடு நிற்பதே நல்லது என்பேன்.

ஈரமற்ற நெஞ்சு என்ற குற்றச்சாட்டுக்கு எபிக்டெட்டஸே காரணம் கொடுத்திருக்கிறார். குழந்தையை முத்தமிடும்போது, இறக்கக்கூடிய ஓர் உயிரை முத்தமிடுகிறோம் என்று நினைத்துக்கொள் என்ற கையேட்டின் வாசகம் யாரையும் திடுக்கிட வைக்கும். ஆனால் அவர் உரைகளின் முதல் பகுதியில் வரும் ஒரு பேச்சை இதனோடு சேர்த்துப் படிக்கவேண்டும். அரசு அதிகாரி ஒருவர் அவரிடம் வந்து, மகள் ஆபத்தான நிலையில் கிடந்தபோது அந்தக் காட்சியைத் தாங்க முடியாமல் வீட்டைவிட்டு வெளியேறிவிட்டதாகவும், குணமாகிவிட்டாள் என்ற செய்தி வந்த பிறகே திரும்பியதாகவும், பாசமுள்ள எந்தத் தந்தையும் அப்படித்தான் செய்வார் என்றும் சொல்கிறார். எபிக்டெட்டஸ் கேட்கிறார்: குழந்தையின் தாய்க்கும் பாசம் உண்டே, அவளும் போயிருக்க வேண்டுமா? வளர்க்கும் செவிலியும் போயிருக்க வேண்டுமா? அப்படியானால் அவளை மிகவும் நேசிப்பவர்களாலேயே கைவிடப்பட்டு, நேசமற்றவர்கள் கையில் அவள் இறந்திருப்பாளே? நீ நோயுற்றுக் கிடக்கும்போது உன்னை இப்படி நேசிக்கும் உறவினர்கள் வேண்டும் என்று விரும்புவாயா? வெளியேறச் செய்தது பாசம் என்று அந்தத் தந்தை நினைத்தார். "இதை என்னால் தாங்க முடியாது" என்று அவர் கொண்ட கருத்தே வெளியேறச் செய்தது என்று எபிக்டெட்டஸ் காட்டுகிறார். தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் உறவினர்கள் நிற்கும் நிலையை அறிந்தவர்களுக்கு இதன் பொருள் தெரியும். மனத்தை அடக்கக் கற்பது, பக்கத்தில் இருந்து பயன்படுவதற்காக.

துக்கத்தைப் பொறுத்தமட்டில் ஒரு சம்பவம் போதும். இளம் மார்க்கஸ் தம்மை வளர்த்த ஆசிரியர் ஒருவரின் மறைவுக்கு அழுதபோது அரண்மனைப் பணியாளர்கள் தடுக்க, அவரைத் தத்தெடுத்த அந்தோனினஸ் பயஸ், "அவன் மனிதனாக இருக்கட்டும், தத்துவமோ அரச பதவியோ உணர்ச்சிகளை அகற்றிவிடுவதில்லை" என்று சொன்னதாக அந்தோனினஸின் பழைய வரலாறு கூறுகிறது.

நம்மவர்களிடையே இன்னொரு குழப்பமும் உண்டு. எல்லாம் தலையெழுத்து, நடப்பது நடக்கும் என்று இருப்பதும் இதுவும் ஒன்றுதானே என்கிறார்கள். ஸ்டோயிக்கர்கள் விதியை நம்பியவர்கள்தான். அதனால் இந்தக் கேள்வி கி.மு. 3ஆம் நூற்றாண்டிலேயே அவர்களிடம் கேட்கப்பட்டது. நீ குணமாவாய் என்பது விதியானால் மருத்துவரை அழைத்தாலும் அழைக்காவிட்டாலும் குணமாவாய். ஆகவே அழைப்பது வீண் என்ற இந்த வாதத்துக்குச் 'சோம்பேறி வாதம்' என்றே பெயர். ஸ்டோயிக் பள்ளியின் மூன்றாம் தலைவர் கிரிசிப்பஸ் அளித்த விடை எளிமையானது. குணமாவது விதிக்கப்பட்டிருந்தால், மருத்துவரை அழைத்ததால் குணமாவது என்றே அது விதிக்கப்பட்டிருக்கும். செயலும் விதியோடு பின்னப்பட்டது. விதியைக் காட்டி எழுந்திருக்காமல் இருப்பவருக்கு இந்தப் பள்ளியில் இடமில்லை.

அநீதியைப் பொறுத்துப்போகச் சொல்கிறதா என்பதற்கும் இதே விடைதான். கி.மு. 300 வாக்கில் ஸ்டோயிக் பள்ளியை நிறுவிய ஜீனோ கற்பிக்கத் தொடங்கியது ஏதென்ஸின் சந்தைவெளியை ஒட்டிய ஓவியத் தூண்மண்டபத்தில், ஊர் நடுவில். நீதி அவர்களுடைய நான்கு அறங்களில் ஒன்று. செனட் அவைக்கு வராதே என்று பேரரசன் வெஸ்பாசியன் சொன்னபோது ஸ்டோயிக்கரான ஹெல்விடியஸ் பிரிஸ்கஸ் அளித்த பதிலை எபிக்டெட்டஸ் எடுத்துச் சொல்கிறார்: என்னை உறுப்பினர் பதவியிலிருந்து நீக்குவது உன் கையில், உறுப்பினராக இருக்கும்வரை நான் வந்தாக வேண்டும், வந்தால், கேட்கப்பட்டால், எனக்கு நியாயமாகப் படுவதைப் பேசியாக வேண்டும். கொன்றுவிடுவேன் என்றபோதும் அவர் அசையவில்லை. பின்னர் நாடுகடத்தப்பட்டுக் கொல்லப்பட்டார். பணியிடத்தில் ஒருவருக்குத் தொல்லை நேர்ந்தால் முறைப்படி புகார் கொடுப்பதே ஸ்டோயிக் செயல். புகாரின் முடிவு அவர் கையில் இல்லை, கொடுப்பது அவர் கையில். 1965இல் வடவியட்நாமில் விமானம் வீழ்த்தப்பட்டு ஏழாண்டுகளுக்கு மேல் சிறையிருந்த அமெரிக்கக் கடற்படை அதிகாரி ஜேம்ஸ் ஸ்டாக்டேல், கையேடு தந்த துணையைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார்; அங்கே அவர் செய்தது வெறும் சகிப்பு அன்று, சக கைதிகளை ஒருங்கிணைத்து நடத்தியதும்தான்.

உறவுகளைப் பற்றி ஹியரோக்ளிஸ் என்ற இரண்டாம் நூற்றாண்டு ஸ்டோயிக்கர் சொன்னது தமிழர்களுக்குச் சற்று வேடிக்கையாக இருக்கும். தன்னைச் சுற்றி வட்டம் வட்டமாகக் குடும்பம், உறவினர், ஊரார், மனித இனம் என்று வரைந்துகொண்டு, வெளிவட்டத்தினரை உள்வட்டத்துக்கு இழுக்கவேண்டும் என்றவர், அதற்கு வழியாக ஒன்றுவிட்ட சகோதரர்களைச் சகோதரர் என்றும், பெற்றோரின் உடன்பிறந்தவர்களைத் தந்தை, தாய் என்றும் அழைக்கச் சொன்னார். பெரியப்பா, சித்தி என்று வாய்நிறைய அழைத்து, பேருந்தில் முன்பின் அறியாதவரையும் அண்ணே, அக்கா என்று கூப்பிடும் நாம், அழைப்பதற்கேற்ப நடந்துகொண்டால் போதும்.

ஓர் எச்சரிக்கை. எண்ணங்களைத் திருத்தி மனத்தைச் சீராக்கும் அறிவாற்றல் சிகிச்சைக்கு வித்திட்ட ஆல்பர்ட் எல்லிஸும் ஆரோன் பெக்கும் ஸ்டோயிக்கர்களுக்குத் தாங்கள் பட்ட கடனை ஒப்புக்கொண்டிருக்கிறார்கள் என்பது உண்மை. அதற்காக, தூக்கமும் பசியும் கெட்டு வாரக்கணக்கில் மனச்சோர்வில் இருப்பவர் கையேட்டை மருந்தாகக் கொள்ளக்கூடாது; மருத்துவரிடம் போகவேண்டும். அதேபோல, இந்தத் தத்துவத்தை முன்னேற்றத்துக்கான உத்தியாகவும் உணர்ச்சியற்ற ஆண்மையாகவும் விற்கும் காணொளிகளிலிருந்து விலகியிருப்பது நல்லது. செனெக்காவே நான்கு ஆண்டுகளில் முப்பது கோடி செஸ்டர்சு (ரோம நாணயம்) சேர்த்தது எந்தத் தத்துவத்தின்படி என்று அவர் காலத்திலேயே எதிரி ஒருவர் கேட்டதை ரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் பதிவு செய்திருக்கிறார். கேள்வி குத்தலானது என்றாலும் கேட்கத் தகுந்தது.

மூலங்களைப் படிக்க விரும்புபவர்கள் பெரும்பாலும் மார்க்கஸ் ஆரேலியஸிலிருந்து தொடங்குகிறார்கள்; நான் அவரைக் கடைசியில் வைப்பேன், ஏனெனில் ஏற்கெனவே கற்றதைத் தமக்கு நினைவூட்டிக்கொள்ள எழுதியவை அந்தக் குறிப்புகள், புதிதாக வருபவருக்கு அவற்றில் காரணங்கள் கிடைக்காது. செனெக்காவின் 124 கடிதங்களில் முதல் இருபதைப் படித்துவிட்டு, எபிக்டெட்டஸின் உரைகளில் முதல் பகுதிக்குச் செல்லுங்கள். கையேட்டை அதன்பின் எடுத்தால் அதன் கறாரான வாசகங்கள் எந்தப் பேச்சிலிருந்து பிழிந்தெடுக்கப்பட்டவை என்பது தெரிந்திருக்கும். படிக்கும் காலத்திலேயே இரவுப் பயிற்சியையும் தொடங்கிவிடலாம். அதற்கு எந்த நூலையும் முடித்திருக்க வேண்டியதில்லை.